கடல் கடந்து விற்கும் தொழிற்சாலைகள்

(தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

நாட்டின் ஏற்றுமதி உயர்ந்தது என்னும் செய்தியை வானொலியில் கேட்கின்றோம், நாளிதழிலும் படிக்கின்றோம். அதே வேளையில், "ஏற்றுமதி உயர்ந்தால் நமக்கென்ன? மங்கில் விழும் பால் அதே பால்தானே!" என்று தோட்டங்களில் கேட்கப்படுவதையும் நாம் அறிவோம். இது நியாயமான கேள்வி. ஏற்றுமதியின் தொடக்கத்தில் நிற்பவர் கேட்கும் கேள்வியாதலால், இதற்கு நேரான விடை கூறுவது நமது கடமையாகும். அயல்நாட்டுக்கு விற்கும் தொழிற்சாலைகள் எவை, அவை எவ்வாறு நடந்துகொள்கின்றன, அந்த நடத்தையால் தொழிலாளிக்குத் தானாக வருவது எது, கேட்டுப் பெறவேண்டியது எது என்பவற்றை இன்று ஒவ்வொன்றாகக் காண்போம்.

ஓடத் தெரிந்தவன் போட்டிக்குப் போகின்றான்

ஒரு நாடு ஏற்றுமதி செய்கின்றது என்று பொதுவாகச் சொல்கின்றோம். உண்மையில் சரக்கைக் கப்பலேற்றுபவை தனித்தனித் தொழிற்சாலைகளே. அவற்றுள்ளும் பெரும்பாலானவை உள்நாட்டிலேயே விற்று உள்நாட்டிலேயே நின்றுவிடுகின்றன. பக்கத்துப் பட்டணத்தில் ரொட்டி சுடும் ஆலையையும் இரும்புக் கதவு செய்யும் பட்டறையையும் எண்ணிப் பாருங்கள். அவை நன்றாகவே நடக்கலாம். ஆயினும் அவற்றின் சரக்கு கடலைக் காண்பதில்லை. ஏற்றுமதி செய்பவை சிலவே.

அந்தச் சிலவற்றைப் பொருளியல் அறிஞர்கள் பல நாடுகளில் ஆராய்ந்துள்ளனர். அதே தொழிலில் உள்ள மற்றவற்றைவிட அவை அளவில் பெரியவை. ஓர் ஆள் செய்து முடிக்கும் வேலை அங்கு அதிகம். சராசரிச் சம்பளமும் அதிகம். இதைக் கண்டதும், "ஏற்றுமதி செய்தால் எந்தத் தொழிற்சாலையும் சிறந்துவிடும்" என்று சிலர் முடிவு கட்டினர். அந்த முடிவு சரிதானா?

பள்ளி விளையாட்டை எடுத்துக்கொள்வோம். மாவட்டப் போட்டிக்குச் சென்ற மாணவன் நன்றாக ஓடுகின்றான். மாவட்டப் போட்டி அவனை ஓட வைத்ததா? அல்லது முன்பே நன்றாக ஓடியதால் ஆசிரியர் அவனைத் தேர்ந்து அனுப்பினாரா? தொழிற்சாலையைப் பற்றியும் இதே கேள்வியைக் கேட்டாக வேண்டும்.

கொலம்பியா, மெக்சிகோ, மொரோக்கோ ஆகிய மூன்று நாடுகளின் தொழிற்சாலைகளை ஆராய்ந்த அறிஞர் மூவர் தம் முடிவை 1998இல் வெளியிட்டனர். ஏற்றுமதியில் இறங்குவதற்கு முன்பே திறமையாக நடந்தவைதாம் ஏற்றுமதியில் இறங்கின. இறங்கிய பின்னர் அவற்றின் உற்பத்திச் செலவு குறைந்ததற்குப் பெரிய சான்று கிடைக்கவில்லை. அதாவது, ஓடத் தெரிந்தவனே போட்டிக்குப் போனான்.

ஆயினும் இதற்கு மறுபக்கமும் உண்டு. எகிப்து நாட்டில், நைல் ஆற்றுக் கழிமுகத்தில் ஃபூவா என்று ஓர் ஊர் உள்ளது. அங்குள்ளோர் கைத்தறியில் கம்பளம் நெய்பவர்கள். ஆராய்ச்சியாளர் சிலர் அயல்நாட்டுக் கம்பள ஆர்டர்களைப் பெற்று, சீட்டுக் குலுக்குவது போல அங்குள்ள சிறு நெசவாளர் சிலருக்கு மட்டும் அளித்தனர். மற்றவர் வழக்கம் போல் உள்ளூருக்கே நெய்தனர். 2017இல் வெளிவந்த முடிவின்படி, ஆர்டர் பெற்றவர்களின் இலாபம் மற்றவர்களைவிட 16 முதல் 26 விழுக்காடு வரை உயர்ந்தது. கம்பளத்தின் தரம் வெகுவாக உயர்ந்தது. ஆனால் ஒரு மணி நேரத்தில் நெய்த அளவு குறைந்தது! பின்னர் இரு சாராரையும் அழைத்து, ஒரே நூலைக் கொடுத்து, ஒரே வகைக் கம்பளத்தை நெய்யச் சொன்னபோது, அயல்நாட்டுக்கு நெய்து பழகியவர்கள் அதே நேரத்தில் மேலான கம்பளத்தை நெய்து காட்டினர். கற்ற கை கற்றதை மறக்கவில்லை.

இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை தெளிவாகும். ஏற்றுமதி ஒரு மந்திரக்கோல் அன்று. அயல்நாட்டார் கேட்கும் தரத்தைக் கற்றுக்கொள்ளும் இடத்தில்தான் அது பயன் தருகின்றது. கற்பதற்கு நேரம் பிடிக்கும். முதலில் வேகமும் குறையும்.

முன்கூட்டியே செலுத்தும் விலை

பல தொழிற்சாலைகள் ஏன் வெளியே செல்வதில்லை? வெளியே செல்வதற்கு முன்பணம் போன்ற ஒரு செலவு உண்டு. மாதிரிச் சரக்கு அனுப்ப வேண்டும். அயல்நாட்டுச் சட்டப்படி சோதனை செய்து சான்றிதழ் பெற வேண்டும். பெட்டி, சீட்டு, மொழி அனைத்தையும் வாங்குவோர் விருப்பப்படி மாற்ற வேண்டும். அவர்களின் ஆய்வாளர் நேரில் வந்து ஆலையைச் சுற்றிப் பார்ப்பார். இத்தனையும் செய்த பிறகு, "வேண்டாம்" என்று ஒரு கடிதம் வரினும் வரலாம். அப்பொழுது செலவிட்ட பணம் திரும்பாது.

கொலம்பியத் தொழிற்சாலைகளைப் பற்றி 1997இல் வெளியான ஆய்வு ஒன்று இதனை அளந்து காட்டியது. முன்பே ஏற்றுமதி செய்து பழகிய ஆலை மீண்டும் ஏற்றுமதி செய்யும் வாய்ப்பு, பழகாத ஆலையைவிட 60 விழுக்காட்டுப் புள்ளிகள் வரை கூடுதலாக இருந்தது. அப்பழக்கமோ நெடுநாள் நிலைப்பதன்று. விட்டுவிட்டால் விரைவில் தேய்ந்துபோகும். சில காலம் விலகியிருந்த ஆலை புதிய ஆலையைப் போலவே மறுபடியும் வாயிற்படியில் நிற்க வேண்டியதாயிற்று.

இதனால் ஏற்றுமதி செய்யும் தொழிற்சாலையின் நடத்தையில் இரண்டு இயல்புகள் உண்டாகின்றன. ஒன்று, உள்ளே நுழைந்தவர் இலாபம் குறைந்த காலத்திலும் சந்தையை விடாமல் பற்றிக்கொள்வர். மற்றொன்று, ரிங்கிட்டின் மதிப்பு இறங்கி ஏற்றுமதிக்குக் காலம் கனிந்தாலும் வெளியே நிற்பவர் உடனே பாய்ந்துவிடமாட்டார். இந்நிலை நீடிக்குமா என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

இந்த வாயிற்படியின் உயரத்தைக் குறைக்கவே வளரும் நாடுகளின் அரசாங்கங்கள் முயல்கின்றன. நம் நாட்டில் 1958இல் முன்னோடித் தொழில்களுக்கு வரிச்சலுகை தரும் சட்டம் வந்தது. அக்காலத்து நோக்கம் பெரும்பாலும் உள்நாட்டுத் தேவையை உள்நாட்டிலேயே நிறைவு செய்வதாகும். 1968ஆம் ஆண்டின் முதலீட்டு ஊக்குவிப்புச் சட்டமும் 1971ஆம் ஆண்டின் சுதந்திர வாணிப வட்டாரச் சட்டமும் பார்வையை அயல்நாட்டுச் சந்தையின் பக்கம் திருப்பின. 1972இல் பினாங்கில் பாயான் லெப்பாஸ் வட்டாரம் தோன்றியது. ஏற்றுமதியாளருக்கு வாங்குவோரைத் தேடித் தரும் மாட்ரேட் அமைப்பு 1993இலும், அவர்களுக்குக் கடனும் காப்புறுதியும் அளிக்கும் எக்சிம் வங்கி 1995இலும் தொடங்கப்பெற்றன. அரசாங்கம் படியைத் தாழ்த்தலாம்; ஆனால் தரம் என்னும் படியை ஏறவேண்டியவர்கள் முதலாளியும் தொழிலாளியுமே.

கண்ணால் பார்த்த காலமும் அளந்து பார்த்த காலமும்

இனி நமது தோட்டத்துக்கே வருவோம். தரத்தைக் கற்றுக்கொண்டு சந்தையைக் காத்த கதை ரப்பரிலேயே உள்ளது.

முற்காலத்தில் புகையூட்டிய ரப்பர்த் தாள்களைக் கண்ணால் பார்த்தே தரம் பிரித்தனர். தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, குமிழி உண்டா, கறை உண்டா, தூசு உண்டா என்று பார்ப்பர். பார்ப்பவரின் கண்ணுக்குக் கண் மதிப்பு மாறும். இதற்கிடையே இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் செயற்கை ரப்பர் பெருகியது. அது ஆலையில் பிறந்த சரக்கு. இன்ன தன்மை, இன்ன அளவு என்று எழுதியே விற்றனர். டயர் செய்வோர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தனர். ஒவ்வொரு கட்டிலும் தன்மை மாறும் இயற்கை ரப்பரைவிட, சொன்னபடி இருக்கும் சரக்கே அவர்களுக்கு வசதியாயிற்று.

நமது தொழில் இதற்கு விடை கண்டது. ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் உழைப்பால் 1965இல் எஸ்.எம்.ஆர். என்னும் மலேசியத் தர ரப்பர்த் திட்டம் நடைமுறைக்கு வந்தது. ரப்பரைத் துகளாக்கி, கழுவி, உலர்த்தி, 33.3 கிலோ எடையுள்ள கட்டிகளாக அழுத்தி, பிளாஸ்டிக் உறையிட்டு விற்கத் தொடங்கினர். கண் பார்த்த வேலையைச் சோதனைக் கூடம் ஏற்றுக்கொண்டது. எஸ்.எம்.ஆர். 10, எஸ்.எம்.ஆர். 20 என்னும் பெயர்களில் உள்ள எண் அழுக்கின் அளவை ஒட்டி எழுந்தது. எண் சிறியதாயின் அழுக்குக் குறைவு என்று பொருள். பின்னர் இந்தோனேசியாவும் தாய்லாந்தும் இவ்வழியைப் பின்பற்றித் தத்தம் நாட்டுப் பெயரில் தர ரப்பரை விற்கலாயின.

இந்த எண்ணை முடிவு செய்யும் இடம் எது? சோதனைக் கூடம் அதனை அளக்க மட்டுமே செய்கின்றது. அழுக்கு உள்ளே புகும் இடம் மரத்தடி. மங்கில் விழும் பட்டைத் துணுக்கு, தரையில் கொட்டிய கட்டிப்பாலில் ஒட்டும் மண், சாக்கிலிருந்து பிரிந்து ஒட்டும் பிளாஸ்டிக் இழை ஆகியவை ஆலையில் எளிதில் நீங்குவதில்லை. பிளாஸ்டிக் இழை ஒன்று டயருக்குள் சென்றுவிட்டால் அவ்விடமே வலுவிழக்கும். ஆகவே, மங்கைத் துடைத்து வைக்கும் கை ஏற்றுமதித் தரத்தை உண்டாக்கும் முதற் கையாகும். இதனைப் புகழ்ச்சிக்காகக் கூறவில்லை, கணக்காகவே கூறுகின்றோம்.

கையுறை கற்பித்த பாடம்

பச்சை ரப்பரை விற்பதைவிட அதனைப் பொருளாக்கி விற்பது மேல் என்பது வளரும் நாடுகள் பலவற்றின் விருப்பம். அவ்விருப்பம் நம் நாட்டில் கையுறையாக உருவெடுத்தது.

மரத்திலிருந்து வரும் பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே ரப்பர். அதனைச் சுழலும் இயந்திரத்தில் இட்டு, பாலிலிருந்து ஆடையைப் பிரிப்பது போலப் பிரித்து, 60 விழுக்காடு ரப்பர் உள்ள செறிந்த பாலாக்குகின்றனர். பீங்கானால் செய்த கைவடிவங்கள் அப்பாலில் முங்கி எழுந்து, வெந்நீரில் கழுவப்பெற்று, சூட்டில் பதமாகின்றன. பின்னர் மாதிரிக் கையுறைகளில் 1,000 மில்லிலிட்டர் நீரை ஊற்றித் தொங்கவிட்டு, ஒரு சொட்டேனும் கசிகின்றதா என்று பார்க்கின்றனர். மங்கும் வாளியும் தூய்மையற்றிருந்தால் பாலில் நுண்ணுயிர் பெருகிப் புளிப்பு ஏறும். அத்தகைய பால் நல்ல கையுறைக்கு உதவாது. பாலில் அமோனியா சேர்ப்பதும் காலத்தோடு நிறுவைக்குக் கொண்டுசெல்வதும் இதன் பொருட்டே.

எய்ட்ஸ் நோய் பற்றிய அச்சத்தால் 1987ஆம் ஆண்டை ஒட்டி மருத்துவமனைகளில் கையுறைக்குத் தேவை திடீரென்று பெருகியது. நம் நாட்டில் புதிய ஆலைகள் பல அவசரமாக எழுந்தன. சில ஆண்டுகளிலேயே சரக்கு மிகுந்து விலை வீழ்ந்தது. விலை உயர்வை மட்டும் நம்பி வந்தவை பல மூடப்பட்டன. இயந்திரத்தையும் தரத்தையும் வளர்த்தவை நிலைத்தன. நிலைத்தவற்றால் மலேசியா கையுறை ஏற்றுமதியில் உலகின் முன்வரிசைக்கு வந்தது.

அத்துடன் சோதனை முடியவில்லை. பால் ரப்பரில் உள்ள புரதத்தால் சிலருக்கு ஒவ்வாமை உண்டாவதாக 1990களில் மருத்துவர்கள் எச்சரித்தனர். நமது ஆலைகள் புரதம் குறைந்த கையுறையையும் மாவு பூசாத கையுறையையும் செய்யக் கற்றன. 2017 ஜனவரியில் அமெரிக்கா மாவு பூசிய மருத்துவக் கையுறைகளைத் தடை செய்தபோது, முன்கூட்டியே கற்றவர்கள் தப்பினர்.

ஆயினும் இங்கு ஒரு கசப்பான உண்மையையும் மறைக்காமல் கூற வேண்டும். ஆலைகள் கற்ற மற்றொரு பாடம், பெட்ரோலியத்திலிருந்து வரும் நைட்ரைல் என்னும் செயற்கை ரப்பரால் கையுறை செய்வது. இன்று நம் நாட்டு ஆலைகளில் அதன் பங்கே பெரிது. இயற்கைப் பால் தேவைப்படும் ஆலைகளும் பெரும் பகுதியைத் தாய்லாந்து முதலிய நாடுகளிலிருந்து தருவிக்கின்றன. 1988இல் 16 இலட்சம் டன்னுக்கு மேல் இருந்த நமது இயற்கை ரப்பர் உற்பத்தி, 2023இல் 4 இலட்சம் டன்னுக்கும் கீழே இறங்கிவிட்டது. தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறின. தொழிற்சாலையின் ஏற்றுமதி உயர்வதும் தோட்டத்தின் வாழ்வு உயர்வதும் எப்பொழுதும் ஒன்றன்று என்பதை இது காட்டுகின்றது. எஞ்சிய தோட்டத்துப் பாலுக்குத் தரமே அரணாகும்.

வாங்குவோர் கேட்கும் புதிய கேள்வி

முன்னர் அயல்நாட்டார், "சரக்கு எப்படி?" என்று மட்டும் கேட்டனர். இப்பொழுது, "செய்தவர் எப்படி இருக்கின்றார்?" என்றும் கேட்கின்றனர்.

கோவிட் தொற்றுக் காலத்தில் கையுறையின் விலை பன்மடங்கு உயர்ந்தது. ஆலைகள் இரவு பகலாக ஓடின. அந்நேரத்தில், அதாவது 2020 ஜூலையில், நம் நாட்டின் பெரிய நிறுவனம் ஒன்றின் கையுறைகளுக்கு அமெரிக்கச் சுங்கத் துறை தடை விதித்தது. அயல்நாட்டுத் தொழிலாளர்கள் வேலைக்கு வருவதற்காகத் தரகருக்குக் கடன்பட்டுப் பணம் கொடுத்திருந்தனர் என்பதும், அவர்களின் தங்குமிட நிலையும், மிகை நேர வேலையும் குற்றச்சாட்டுகளில் இடம்பெற்றன. தொழிலாளர்கள் கட்டிய தரகுப் பணத்தை 100 மில்லியன் ரிங்கிட்டுக்கு மேல் அந்நிறுவனம் திருப்பிக் கொடுத்தது. தங்குமிடமும் சீர்செய்யப்பட்டது. 2021 செப்டம்பரில் தடை நீங்கியது. அதற்குள் உலகெங்கும் சரக்குத் தேங்கத் தொடங்கி, விலை இறங்குமுகமாகிவிட்டது.

இதில் நாம் காணும் பாடம் பெரிது. நல்ல கையுறை செய்தும் விற்க முடியாமற்போன காரணம் தொழிலாளியின் நிலை. தொழிலாளியை நன்கு நடத்துவது இரக்கச் செயல் மட்டும் அன்று. ஏற்றுமதித் தரத்தின் ஒரு பகுதியாகவே அது ஆகிவிட்டது.

இக்கேள்வி இப்பொழுது மரத்தடிக்கும் வந்துவிட்டது. காட்டை அழித்த நிலத்தில் விளைந்த பொருளை வாங்குவதில்லை என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் சட்டம் இயற்றியது. அச்சட்டத்தின் பட்டியலில் செம்பனை எண்ணெயுடன் ரப்பரும் உள்ளது. ரப்பர் விளைந்த நிலம் எங்குள்ளது என்பதைக் காட்டினால்தான் சரக்கு உள்ளே செல்லும். நடைமுறைக்கு வரும் நாள் தள்ளிவைக்கப்பட்ட போதிலும், ஏற்றுமதியாளர்கள் இதற்கான பதிவேடுகளைத் தேடத் தொடங்கிவிட்டனர். எந்த நிரையில் எந்த நாள் எடுத்த பால் என்னும் கணக்கு, கிராணியின் புத்தகத்தோடு நில்லாமல் கடல் கடக்கும் காலம் வருகின்றது.

தானாக வருவதும் கேட்டுப் பெறுவதும்

தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு இனி விடை கூறலாம்.

ஏற்றுமதி செய்யும் தொழிற்சாலை சராசரியாக அதிகச் சம்பளம் கொடுக்கின்றது என்பது உண்மை. ஆனால் அது பெரும்பாலும் முன்பே பெரிய ஆலையாக, திறமையான ஆலையாக இருந்ததால் கொடுக்கின்றது. ஏற்றுமதி செய்த காரணத்தாலேயே சம்பளம் உயரும் என்று காத்திருப்பது வீண். தானாக வருவது ஒன்றே: தரத்தைப் பற்றிய கண்டிப்பு. அதற்குரிய பலனைக் கேட்டுத்தான் பெற வேண்டும்.

தோட்டத்தில் உழைப்போர் செய்யத்தக்கது யாது? மங்கையும் வாளியையும் தூய்மையாக வைத்தல். கட்டிப்பாலையும் ஒட்டுப்பாலையும் மண்படாமல் சேர்த்தல். பாலில் நீர் கலவாமை. இவை நம் பங்கு. தூய்மையான பாலுக்கு உயர்ந்த விலை கிடைக்குமாயின், அதில் நமக்கும் ஒரு பங்கு உண்டா என்று சங்கத்தின் வழியாகக் கேட்பது நம் உரிமை. தரத்துக்கு நேரம் பிடிக்கும் என்பதை ஃபூவா நெசவாளர்களின் தறியில் கண்டோம். தூய்மையும் வேண்டும், எடையும் வேண்டும், நேரமும் கூடாது என்று சொல்வோரிடம் இதனை எடுத்துக்காட்டிப் பேசலாம்.

தொழிற்சாலைக்கு வேலை தேடிச் செல்லும் இளைஞருக்கு ஒரு சொல். விலை உயர்ந்த காலத்தில் ஆள் சேர்ப்பதும் விலை வீழ்ந்தால் ஆள் குறைப்பதும் ஏற்றுமதி ஆலைகளின் வழக்கம். 1987க்குப் பின்னரும் 2021க்குப் பின்னரும் இதனைக் கண்டோம். ஆகவே, முதல் மாதச் சம்பளத்தை மட்டும் பாராதீர். சேமநிதியும் சொக்சோவும் கட்டுகின்றனரா, வேலை நிரந்தரமா, மிகை நேரக் கூலி எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். பொட்டலம் கட்டும் மேசையோடு நின்றுவிடாமல் சோதனை அறைக்கும் இயந்திரப் பராமரிப்புக்கும் செல்ல வழி உண்டா என்று பாருங்கள். மலேசியத் திறன் சான்றிதழ் பெறும் வாய்ப்பு இருந்தால் விட்டுவிடாதீர். ஆலை மூடப்பட்டாலும் கற்ற கைத்திறன் உங்களோடு வரும்.

அன்பர்களே, அயல்நாட்டுச் சந்தையின் வாயிற்படி உயரமானது. அதனை ஏறுபவர் சிலரே. ஏறி நிலைப்பவர், கற்றுக்கொண்டே இருப்பவர். அவ்வாறு கற்ற நாடுகளுள் நம் நாடும் ஒன்று என்பதில் நாம் பெருமை கொள்ளலாம். அப்பெருமையின் முதற்படியில், வைகறை இருளில் விளக்குக் கட்டிக்கொண்டு மரத்தடியில் நின்ற தோட்டத் தொழிலாளி இருக்கின்றார். உழைப்பில் அவர் முதலில் நின்றதனால், பயனைப் பகிரும்போது அவரைக் கடைசியில் நிறுத்தலாகாது. அது தொழிலாளி, முதலாளி, அரசாங்கம் ஆகிய மூவரும் சேர்ந்து காக்க வேண்டிய நியாயமாகும்.